விண்வெளி வீரர்களின் வெறுங்கண்ணுக்கு எவை தெரிகின்றன?

விண்நோக்கி எழுதியது:

"விண்வெளியிலிருந்து தெரியும் ஒரே மனிதப் படைப்பு சீனப் பெருஞ்சுவர்" என்ற வரி வினாடி வினாப் போட்டிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்றும் உலவிக்கொண்டிருக்கிறது. அதை மறுக்க வருபவர்களில் சிலர் எதிர்முனைக்கே போய், மனிதன் கட்டிய எதுவும் மேலிருந்து தெரியாது என்று எழுதுகிறார்கள். இரண்டு கூற்றுகளுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. எனவே இந்த இழையில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கேமராவும் தொலைநோக்கியும் இல்லாமல், விண்கலத்தின் சன்னலருகே மிதந்துகொண்டிருக்கும் ஒரு மனிதரின் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது, அதற்குக் காரணம் என்ன?

எந்த உயரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால் விவாதம் ஓரடியும் நகராது. சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நிலவோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. "விண்வெளி" என்ற ஒரே பெயரால் இரண்டையும் குறிப்பதால்தான் பாதிக் குழப்பம் விளைகிறது. குறையில்லாத கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காணும். மூன்றரை மீட்டர் தள்ளி வைத்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கு அந்தக் கோணம் சமம். 400 கிலோமீட்டர் உயரத்தில் அதே கோணம் தரையில் சுமார் 115 மீட்டர் ஆகிறது, நிலவிலிருந்து பார்த்தால் 110 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே நிலவில் நிற்பவருக்குச் சுவர் தெரியும் என்ற பேச்சை இத்துடன் விட்டுவிடலாம். அப்போலோ 12-இல் சென்ற ஆலன் பீன், அங்கிருந்து வெண்மேகம், நீலக் கடல், பாலைவனத்தின் மஞ்சள், ஆங்காங்கே சிறிது பசுமை ஆகியவற்றைத்தான் கண்டதாகவும், மனிதன் கட்டிய எதுவும் கண்ணில் படவில்லை என்றும் தெளிவாகக் கூறியிருக்கிறார். விவாதத்துக்கு உரியது 400 கிலோமீட்டர் உயரம்தான்.

கரிசல்காட்டு வாசகர் எழுதியது:

ஐயாவின் கணக்கை ஏற்கிறேன், ஆனால் அதைக்கொண்டு முடிவுக்கு வருவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 115 மீட்டருக்குக் குறைந்தது எதுவும் தெரியாது என்றால், முப்பது மீட்டர் அகலம்கூட இல்லாத பாலைவன நெடுஞ்சாலைகளைக் கண்டதாக விண்வெளி வீரர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? நடுக்கடலில் கப்பல் விட்டுச்சென்ற நீர்த்தடத்தையும், விமானத்தின் வெண்புகைக் கோட்டையும் கண்டதாகச் சொல்கிறார்களே?

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

இந்த இழையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுவே என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

விண்நோக்கி ஐயா குறிப்பிட்ட கோணம், இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காண்பதற்கான எல்லை. ஒரு பொருள் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்வதற்கான எல்லை அதுவன்று. நீளமான கோடு ஒன்று பின்னணியிலிருந்து ஒளியிலும் நிறத்திலும் நன்றாக வேறுபட்டிருந்தால், அது அந்த எல்லையைவிடப் பல மடங்கு ஒல்லியாக இருந்தாலும் கண் அதைப் பிடித்துவிடும். நல்ல வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரில் ஒட்டியிருக்கும் கருந்தலைமுடியை ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று கூர்மையான கண்ணுடையவர் கண்டுவிடக்கூடும். அதே முடி கருப்புத் துணியில் கிடந்தால் அருகில் போனாலும் தெரியாது. ஐந்து மீட்டர் அகலமுள்ள ஒரு சுவர், 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ அந்த முடியின் அளவுக்குத்தான் இருக்கும். எனவே பொருளின் பருமனை மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்ல முடியாது. அது எதன்மீது கிடக்கிறது, சூரியன் எந்தச் சாய்வில் இருக்கிறது, நடுவிலுள்ள காற்றில் எவ்வளவு தூசும் ஈரமும் இருக்கின்றன என்பவற்றையும் கேட்டாக வேண்டும்.

இது ஏட்டளவில் நின்ற விளக்கம் அன்று. 1963 மே மாதத்தில் ஃபெயித் 7 விண்கலத்தில் தனியாகப் பறந்த கார்டன் கூப்பர், திபெத்துப் பகுதியைக் கடக்கும்போது வீடுகளையும் அவற்றின் புகையையும் சாலைகளையும் கண்டதாகச் சொன்னார். அவர் சுற்றிய உயரம் 160 முதல் 270 கிலோமீட்டர் வரை இருந்தது. இருந்தாலும் பலர் நம்பவில்லை, எடையின்மையால் ஏற்பட்ட மனத்தோற்றமாக இருக்கலாம் என்றுகூடப் பேசினார்கள். நாசா அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடாமல் சோதித்துப் பார்க்க முடிவு செய்தது. டெக்சாஸ் மாநிலத்தின் லரேடோ அருகே நிலத்தை உழுது, சமன்படுத்தி, பெரிய பெரிய சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் வெள்ளைப் பலகைகளால் செவ்வகங்களை வெவ்வேறு திசைகளில் அமைத்தார்கள். 1965-இல் ஜெமினி 5-இலும் ஜெமினி 7-இலும் சென்றவர்கள், மேலே கடந்து செல்லும்போது எந்தச் சதுரத்தில் செவ்வகம் எந்தத் திசையில் கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். ஜெமினி 5-இல் அந்தச் சோதனைக்கு உட்பட்ட இருவரில் ஒருவர் அதே கூப்பர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. விண்கலத்துக்குள்ளேயே சிறு கருவி ஒன்றில் கண் பார்த்தும் அவர்களுடைய பார்வையை அவ்வப்போது அளந்தார்கள்.

கிடைத்த முடிவு தெளிவானது. விண்வெளியில் கண் கூர்மையாகவும் இல்லை, மங்கவும் இல்லை. தரையில் அளந்த பார்வைத்திறனையும், ஒளி வேறுபாட்டையும், காற்றின் தெளிவையும் வைத்துக் கணக்கிட்டால் என்ன தெரிய வேண்டுமோ அதுவே அவர்களுக்குத் தெரிந்தது. உயர்ந்த பீடபூமியின் மெல்லிய, தூசற்ற காற்றில் கூப்பருக்கு ஒரு சாலைக் கோடும் புகைக் கீற்றும் புலப்பட்டதற்கு மனத்தோற்றம் என்ற விளக்கமே தேவையில்லை.

நெடுஞ்சாலை எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதைச் சுவருக்குப் பொருத்திப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. பெருஞ்சுவரின் பெரும்பகுதியை அந்தந்த இடத்தில் கிடைத்த மண்ணையும் கல்லையும் கொண்டுதான் எழுப்பினார்கள். ஆகவே சுவரின் நிறமும் மலையின் நிறமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. இத்தனைக்கும் நிலவிலிருந்து அது தெரியலாம் என்ற எண்ணம், மனிதன் பறக்கத் தொடங்குவதற்கு முன்பே பிறந்துவிட்டது. வில்லியம் ஸ்டக்லி என்ற ஆங்கிலேயப் பழம்பொருள் ஆய்வாளர் 1754-இலேயே ஒரு கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார்.

2003 அக்டோபரில் ஷென்ஷோ 5-இல் பறந்து திரும்பிய சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், தமக்குச் சுவர் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தம் நாட்டின் பெருமை என்று கொண்டாடப்படும் ஒன்றைப் பற்றி, நாடே காத்திருந்த நேரத்தில், கண்டதை மட்டுமே சொன்ன அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அடுத்த ஆண்டு நவம்பரில் விண்வெளி நிலையத்தில் இருந்த லிராய் சியாவ், 180 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டு உள்மங்கோலியாவைப் படமெடுத்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஆராய்ந்த பிறகுதான் சுவரின் சில துண்டுகள் அடையாளம் காணப்பட்டன. வெறுங்கண்ணால் கண்டதாக அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. பனி பெய்திருக்கும்போதோ சூரியன் தாழ்ந்திருந்து நிழல் நீளும்போதோ வாய்ப்பு கூடலாம் என்பதற்கு மேல் சுவருக்குச் சார்பாகச் சொல்ல எதுவுமில்லை.

அதே உயரத்திலிருந்து எளிதாகத் தெரிபவற்றை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஸ்பெயினின் அல்மேரியா அருகே ஒரு சமவெளி முழுவதையும் மூடியிருக்கும் வெண்ணிறப் பசுமைக்குடில்கள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நான்கு கிலோமீட்டர் அகலத்துக்குத் தோண்டப்பட்டிருக்கும் பிங்கம் கேன்யன் செம்புச் சுரங்கம், பிரேசிலின் ரொண்டோனியாவில் சாலைகளின் இருபுறமும் மீன்முள் வடிவில் அழிக்கப்பட்ட காடு ஆகியவை அனைத்தும் மனிதக் கைவேலைகளே. கட்டியதைத் தேடுகிறோம், வெட்டியதையும் தோண்டியதையும் கணக்கில் எடுப்பதில்லை.

இரவுப்பணி எழுதியது:

இதுவரை பகலைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். இரவில் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. கருமையான பின்னணியில் ஒளிரும் புள்ளிக்குப் பருமன் ஒரு பொருட்டே இல்லை, கண்ணை வந்தடையும் ஒளியின் அளவு மட்டுமே முக்கியம். நட்சத்திரங்கள் நமக்குத் தெரிவதும் அதனால்தான். 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் ஆஸ்திரேலியாவின் மேலாகச் சென்றபோது, பெர்த் நகர மக்கள் வீடுகளிலும் தெருக்களிலும் விளக்குகளை எரியவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் அதைக் கண்டு, விளக்கேற்றியவர்களுக்கு வானொலி வழியே நன்றியும் சொன்னார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச்சில், டெக்சாஸின் சான் அன்டோனியோவைச் சேர்ந்த வானியல் ஆர்வலர்கள் ஒரு வாட் நீல லேசரையும் தேடுவிளக்குகளையும் விண்வெளி நிலையத்தை நோக்கி அணைத்து அணைத்து ஏற்றினார்கள். மேலே இருந்த டான் பெட்டிட் அந்த மினுக்கத்தைக் கண்டார். ஒரு வயல்வெளியில் கூடி நின்ற சிலர், 400 கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் ஒரு மனிதரின் கண்ணில் பட்டிருக்கிறார்கள். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உள்ளம் நிறைகிறது.

எல்லைக்கோடுகள் விண்வெளியிலிருந்து தெரிவதில்லை என்று மேடைகளில் சொல்வதுண்டு. இரவில் அது உண்மையன்று. இந்திய–பாகிஸ்தான் எல்லை வேலியை ஒட்டி நிறுத்தப்பட்ட ஒளிவெள்ள விளக்குகள் ஆரஞ்சு நிறக் கோடாக வளைந்து செல்வதை 2011-லும் 2015-லும் விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்கள் காட்டுகின்றன. வடகொரியாவோ இருளால் தன் எல்லையைக் காட்டுகிறது. பெர்லின் நகரில் சுவர் இடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், கிழக்குப் பகுதியின் சோடியம் விளக்குகள் மஞ்சளாகவும் மேற்குப் பகுதியின் விளக்குகள் வெண்மையாகவும் எரிந்ததால், பழைய பிரிவினை மேலிருந்து தெரிந்துகொண்டே இருந்தது.

கரிசல்காட்டு வாசகர் எழுதியது:

ஒரு மறுப்பு. நீங்கள் சொல்பவற்றில் பாதி, படங்கள். படம் வேறு, கண் வேறு என்றுதானே இழையைத் தொடங்கினோம்?

இரவுப்பணி எழுதியது:

மறுப்பு நியாயமானது. கேமரா ஒளியைச் சேர்த்துவைக்கும், கண்ணால் அப்படிச் செய்ய இயலாது. இரவுப் படங்களில் காணும் பளபளப்பு கண்ணுக்கு அதே அளவில் தெரியாது. ஆனால் நிலையம் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் நகர்வதால், கேமராவைச் சற்று நேரம் திறந்துவைத்தாலே நகரம் இழுபட்ட கோடாகிவிடும் என்ற இடர்ப்பாடும் படமெடுப்பவருக்கு உண்டு. கண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை, பார்வை தரையைத் தானாகவே தொடர்ந்து செல்லும். இதே டான் பெட்டிட் 2003 வாக்கில் நிலையத்தில் கிடைத்த உதிரிப் பாகங்களைக் கொண்டு, தரையின் நகர்வுக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் ஒரு தாங்கியைத் தாமே செய்தார். கண்ணுக்கு இயல்பாக வாய்த்ததைக் கேமராவுக்குக் கொடுப்பதற்கே அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

மன்னார்க்கரை எழுதியது:

வணக்கம். நான் மன்னாரைச் சேர்ந்தவள். எங்கள் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குக் கிடக்கும் மணல்திட்டுத் தொடர் மேலிருந்து தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். செயற்கைக்கோள் படங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் கண்ணுக்கும் தெரியுமா? பாம்பன் பாலம் தெரியுமா?

விண்நோக்கி எழுதியது:

தெரியும், அம்மா. மேலிருந்து பார்ப்பவருக்குக் கடல் காட்டித் தரும் மிகத் தெளிவான வடிவங்களுள் அதுவும் ஒன்று. ஆழமற்ற நீரில் அடியிலுள்ள வெண்மணலில் பட்ட ஒளி திரும்பி வருவதால் அங்கே கடல் வெளிறிய பச்சையாகத் தோன்றும். தெற்கே மன்னார் வளைகுடா ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமாக இறங்குவதால் அது கருநீலம். வடக்கே பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழமில்லாதது, சேறு கலங்கும் காலங்களில் அது பழுப்பேறித் தெரியும். இப்படி இரு வேறு நிறங்களுக்கு நடுவே பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வெளிர்கோடு கிடந்தால் கண் அதைத் தவறவிடாது. 1966 செப்டம்பரில் ஜெமினி 11 எடுத்த புகழ்பெற்ற படத்தில் இந்தியாவின் தென்பகுதியும் இலங்கையும் ஒரே சட்டத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அந்தப் பயணத்தில் பீட் கான்ராடும் ரிச்சர்ட் கார்டனும் 1,369 கிலோமீட்டர் உயரம் வரை சென்றார்கள். 1984 ஏப்ரலில் சோவியத் விண்வெளி நிலையமான சல்யூத் 7-இல் தங்கியிருந்த ராகேஷ் சர்மாவும், பல நிறப்பட்டைகளில் பதிவு செய்யும் கேமராவால் இந்திய நிலப்பரப்பைப் படமெடுத்தார்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் திட்டுகள் தெரிவதைக் கொண்டே அவை மனிதன் கட்டியவை என்று சிலர் வாதிடுகிறார்கள். மேலிருந்து ஒரு வடிவம் தெரிவது, அது எப்படி உண்டானது என்பதற்குச் சான்று ஆகாது. அதைத் தரையிலும் நீரடியிலும் ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும்.

பாம்பன் பாலத்துக்கு ஆசிரியை அம்மா சொன்ன அளவுகோலையே பயன்படுத்துவோம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இருண்ட நீரின் மீது வெளிறிய கான்கிரீட், ஆகவே அகலம் குறைவு என்றாலும் சூழ்நிலை முழுவதும் பாலத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. வானம் தெளிந்திருந்து, நிலையம் நேர் மேலே செல்லும் வேளையில், எங்கே பார்ப்பது என்று முன்பே தெரிந்தவருக்கு மெல்லிய கோடாகப் புலப்படக்கூடும். ஆனால் கன்னியாகுமரி முதல் சென்னை வரையிலான தூரத்தை நிலையம் ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும் என்பதால், தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

மன்னார்க்கரை எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் ஒரே பார்வையில் எவ்வளவு தூரம் தெரியும்? உலக உருண்டை முழுவதும் தெரியும் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன்.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

முழு உருண்டை தெரியாது. 400 கிலோமீட்டர் என்பது பூமியின் ஆரத்தில் பதினாறில் ஒரு பங்குதான். நிலையத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டரில் அடிவானம் வந்துவிடும், புவிப்பரப்பில் மூன்று விழுக்காடுதான் பார்வைக்குள் அடங்கும். நிலையம் உங்கள் மன்னாருக்கு நேர் மேலே இருக்கும்போது வடக்கு அடிவானம் தில்லி அளவில் நிற்கும். 2010-இல் பொருத்தப்பட்ட கூப்போலா என்ற ஏழு சன்னல் அறையிலிருந்து பார்த்தாலும் இந்த எல்லை மாறாது, ஒரே பார்வையில் எல்லாத் திசையையும் காணும் வசதி மட்டும் கிடைக்கும். ஒளியூட்டப்பட்ட முழு உருண்டையைக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற படம் 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர் தொலைவில் சென்றபோது எடுக்கப்பட்டது. முழு உருண்டையையும் தம் கண்ணால் கண்டவர்கள், நிலவை நோக்கிப் பயணம் செய்த மிகச் சிலரே.

அடிவானத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். இரவுப் பக்கத்தில் அடிவானத்துக்குச் சற்று மேலே மெல்லிய பச்சை வளையம் ஒன்று பூமியைத் தழுவிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 95 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் சூரிய ஒளி பட்டுக் கிளர்ந்த ஆக்சிஜன் இரவில் வெளியிடும் ஒளி அது. நகர விளக்குகளைவிட அதைக் காணத்தான் எனக்கு ஆவல் அதிகம்.

இரவுப்பணி எழுதியது:

நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. படங்களில் நட்சத்திரம் இல்லை என்பதைக் கொண்டு நிலவுப் பயணமே பொய் என்பவர்கள் உண்டு. வெயிலில் ஒளிரும் நிலப்பரப்புக்கு ஏற்பக் கேமராவை மிகக் குறுகிய நேரம் திறந்தால் மங்கலான நட்சத்திரங்கள் பதிவாகாது. கண்ணும் அப்படியே, பகல் பக்கத்தில் கூசிப்போன கண்ணுக்கு அவை தெரியாது. இரவுப் பக்கத்தில் கலத்தின் உள்விளக்குகளை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகிய பின் பார்த்தால், சிமிட்டாத நட்சத்திரங்கள் நிறைந்து கிடக்கும்.

கண்டதெல்லாம் வெளியே தொலைவில் இருப்பது என்றும் கொள்ளக்கூடாது. ஜான் கிளென் தம் கலத்தைச் சுற்றி மின்மினிகள் போல மிதந்தவற்றைக் கண்டார். அடுத்துச் சென்ற ஸ்காட் கார்ப்பென்டர் கலத்தின் சுவரை உள்ளிருந்து தட்டியபோது அவை புதிதாகக் கிளம்பின, கலத்தின் மேற்புறத்தில் உறைந்திருந்த பனித்துகள்களே அவை என்பது புலப்பட்டது. அப்போலோ 11 குழுவினரோ கண்ணை மூடியிருக்கும்போதே ஒளிக்கீற்றுகளைக் கண்டார்கள். காஸ்மிக் கதிர்கள் விழித்திரையை ஊடுருவிச் செல்வதால் அது நேர்கிறது.

நெடுஞ்சாலை எழுதியது:

மாதக்கணக்கில் தங்குபவர்களுக்குக் கண் பாதிக்கப்படுகிறது என்று படித்தேன். அது இந்தக் காட்சிகளைக் கெடுக்காதா? அதோடு, செயற்கைக்கோள்கள் இவ்வளவு இருக்கும்போது மனிதர் பார்ப்பதால் என்ன பயன்?

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

எடையின்மையில் உடல் நீர்மங்கள் தலைப்பக்கம் ஏறுவதால் சிலருக்குப் பார்வை நரம்பு முனை வீங்குகிறது, விழியின் பின்புறம் தட்டையாகிறது. இதனால் பெரும்பாலும் கிட்டப் பொருள்கள்தான் மங்குகின்றன, வாசிப்பதற்குக் கண்ணாடி கொண்டு செல்கிறார்கள். தொலைவிலுள்ள பூமியைக் காண்பது அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் நீண்ட பயணங்களில் இது கவலைக்குரிய மருத்துவச் சிக்கல் என்பதை மறைக்கக்கூடாது.

பயன் என்ன என்ற கேள்விக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2006 மே 23 அன்று நிலையம் அலூஷியன் தீவுகளின் மேலாகச் சென்றுகொண்டிருந்தபோது, ஜெஃப் வில்லியம்ஸ் கிளீவ்லாந்து எரிமலையிலிருந்து சாம்பல் கிளம்புவதைக் கண்டார். ஆள் நடமாட்டமற்ற தீவு அது, ஆனால் அந்த வான்வழியே விமானங்கள் பறக்கின்றன, சாம்பல் புகுந்தால் விமான இயந்திரம் நின்றுபோகும். அவர் படமெடுத்துவிட்டு, அலாஸ்கா எரிமலைக் கண்காணிப்பகத்துடன் தொடர்புகொண்டு விவரம் கேட்டார். வெடிப்பைப் பற்றிக் கண்காணிப்பகத்துக்கு முதலில் தகவல் சொன்னவர் அவர்தான். அந்த வெடிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை, சில மணி நேரத்துக்குள் சாம்பல் மேகம் எரிமலையை விட்டுப் பிரிந்து நகர்ந்துவிட்டது.